தண்ணி யாற்ற காணியால போகவேணும்? வேலி, மதில், சட்டம்: ஒரு சின்ன வரலாறு

2024 நவம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பெய்த மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணி நாலு நாள் நிண்டது. ஒழுங்கையின் கடைசி வீட்டில் அடுப்படி வரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டு அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலையில் போய் இருந்தவா.

அதுக்கு முந்தின வருசங்களிலும் மழை பெய்ததுதான். ஆனால் இப்பிடி நிண்டதில்லை. என்ன மாறினது என்று தேடி நாங்கள் அதிகம் அலையத் தேவையிருக்கேல்லை. ஒழுங்கையின் நடுவில் இருந்த நாலு பரப்புக் காணியை வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் வாங்கி, ரெண்டு அடி மண் போட்டு உயர்த்தி, சுத்திவர மதில் கட்டியிருந்தது. முன்னம் அது கதியால் வேலி. வேலிக்குக் கீழால தண்ணி போகும், அங்கால தோட்டத்துக்குள்ள இறங்கும், பிறகு பழைய வெள்ளவாய்க்காலைப் பிடித்துக் குளத்துக்குப் போகும். மதிலுக்குக் கீழால தண்ணி போகாது.

ஊர்க் கூட்டத்தில் சண்டை வந்தது. "அது அவையின்ர காணி, அவை மதில் கட்டுவினம்" என்று ஒருவர். "காணி அவையின்ரதான், தண்ணி எங்கட எல்லாற்றையும்" என்று இன்னொருவர். உள்ளூராட்சி மன்றத்தில் போய்க் கேட்டால், மதிலுக்கு அனுமதி எடுத்திருக்கினம், படத்தில் பிழை ஒண்டும் இல்லை என்று சொல்லிச்சினம். உண்மையிலேயே படத்தில் பிழை இல்லை. நான் பார்த்தேன். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம், வீதி எல்லையிலிருந்து எத்தனை அடி, யன்னல் எந்த அளவு, எல்லாம் இருந்தது. மழைத்தண்ணி எங்கேயிருந்து வந்து எங்கே போகுது என்று ஒரு அம்புக்குறி மட்டும் இல்லை.

அந்த அம்புக்குறி ஏன் இல்லை என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

வேலியும் குளமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடனீரேரியைச் சேருகிற வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடுவது. கீழே சுண்ணாம்புக்கல். மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதத் தண்ணியை நிலத்துக்குள் இறக்கினால்தான் ஆடியில் கிணற்றில் தண்ணி இருக்கும். இறக்காமல் கடலுக்கு விட்டால் கிணற்றில் உப்பு ஏறும்.

அதனால் இங்கே தண்ணியை வெளியேற்றுவதும் தேக்குவதும் ஒரே வேலையின் ரெண்டு பக்கங்களாக இருந்தன. வெள்ளவாய்க்கால் வீட்டு வளவுகளின் தண்ணியைக் குளத்துக்குக் கொண்டுபோகும். குளம் கொஞ்சத்தை நிலத்துக்குள் விடும், கொஞ்சத்தை மாட்டுக்கும் வயலுக்கும் வைக்கும், மிஞ்சியதை அடுத்த குளத்துக்கு அல்லது கடனீரேரிக்கு அனுப்பும். ஒழுங்கைகள் பலவும் மாரியில் வாய்க்காலாக வேலை செய்தன. ஒழுங்கை வளவைவிடப் பதிந்து கிடப்பது யாரோ ஒருவரின் கவலையீனம் என்று நான் சின்னனில் நினைத்ததுண்டு. அது ஒரு வடிகால்.

இதில் வேலிக்கு ஒரு பங்கு இருந்தது. கிடுகு வேலி, பனையோலை வேலி, கதியால் வேலி எல்லாம் ஆளை மறைக்கும், தண்ணியை மறிக்காது. எல்லைச் சண்டையில் ஒரு முழத்துக்கு நீதிமன்றம் போன ஊரில், தண்ணி மட்டும் எல்லாருடைய எல்லையையும் தாண்டிப் போக வேலி இடம் விட்டது. இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை, ஏனென்றால் தண்ணியை மறிக்கக்கூடிய பொருளால் ஒரு முழு வளவையும் அடைக்க முன்னம் பெரும்பாலானோரிடம் காசு இருக்கவில்லை.

இதை வைத்து "அந்தக் காலம் நல்ல காலம்" என்று சொல்ல நான் வரவில்லை. பள்ளக்காணி யாருக்குக் கிடைத்தது, மேட்டுக்காணி யாரிடம் இருந்தது என்று எங்கட ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். சாதியும் காணியும் தண்ணியும் ஒரே சரிவில்தான் ஓடின. வேலி எல்லாற்ற தண்ணியையும் விட்டது உண்மை. அந்தத் தண்ணி கடைசியில் யாற்ற முற்றத்தில் நிண்டது என்பதும் உண்மை.

ரோமாபுரியிலிருந்து வந்த ஒரு விதி

மதில் சண்டையின்போது ஒரு சட்டத்தரணி அண்ணை சொன்ன விசயம் எனக்குப் புதினமாக இருந்தது. மேல்காணிக்காரன் தண்ணியின் போக்கை மாற்றினால் கீழ்காணிக்காரன் வழக்குப் போடலாம் என்பது இலங்கையில் புதுச் சட்டம் இல்லை, ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு மேற்பட்ட சட்டம் என்றார்.

கிறிஸ்துவுக்கு முன் 450 அளவில் ரோமர் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே மழைநீர் பற்றிய வழக்கு ஒன்று இருந்தது. பிறகு 533 இல் ஜஸ்டீனியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அதற்கென ஒரு முழுத் தலைப்பே வந்தது. அதன் சாரம் இதுதான். மேட்டிலிருந்து இயல்பாக இறங்குகிற தண்ணியைப் பள்ளத்துக் காணி ஏற்கவேண்டும். ஆனால் மேட்டுக்காரன் கையால் ஏதாவது கட்டி, வெட்டி, அந்தத் தண்ணியைக் கூட்டினால், வேகமாக்கினால், திசை மாற்றினால், அதை எடுக்கச் சொல்லிப் பள்ளத்துக்காரன் கேட்கலாம். பள்ளத்துக்காரன் அணை கட்டி மேட்டில் தண்ணியைத் தேக்கினால் மேட்டுக்காரனும் கேட்கலாம். இன்னொரு முக்கியமான அம்சம், சேதம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கட்டிய வேலை நாளைக்குச் சேதம் தரும் என்ற பயம் இருந்தாலே வழக்கு நிற்கும்.

கீழ்காணி தண்ணியை ஏற்கவேண்டியதற்கு மூன்று காரணங்களை அந்தச் சட்டவாளர்கள் சொன்னார்கள்: உடன்படிக்கை, நிலத்தின் அமைப்பு, நெடுங்கால வழக்கம். எங்கட ஊர்க் கூட்டத்தில் ஆக்கள் சத்தம் போட்டுச் சொன்னதும் இந்த மூன்றையும்தான். அவைக்கு ஜஸ்டீனியனைத் தெரியாது.

இந்த ரோமச் சட்டம் ஒல்லாந்துக்குப் போனது. லெய்டன் பேராசிரியர் யொஹான்னஸ் வூட் போன்றவர்கள் அதற்கு விரிவாக உரை எழுதினார்கள். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1707 இல் தேசவழமை எழுத்தாக்கப்பட்டது. தேசவழமை பேசாத இடங்களில் ரோம ஒல்லாந்துச் சட்டம் வந்து நின்றது. ஆங்கிலேயர் வந்தபிறகு 1799 செப்டெம்பர் 23 பிரகடனத்தால் அந்தச் சட்டம் தொடர விடப்பட்டது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்து வருசம் தடையில்லாமல் அனுபவித்த உரிமைக்கு ஒரு பலம் கொடுத்தது. தண்ணி போன பாதைக்கும் இப்படித்தான் உரிமை கோர முடிகிறது.

அப்ப பிரச்சினை முடிஞ்சுதே? இல்லை. இந்த விதிக்கு ரெண்டு ஓட்டை இருந்தது.

முதலாவது, ரோமர் இதை வயல் தோட்டங்களுக்குத்தான் வகுத்தார்கள். மழைத்தண்ணி ஒரு கட்டிடத்தையோ நகரத்தையோ பாதித்தால் இந்த வழக்குப் பொருந்தாது, கூரைத் தண்ணி சொட்டும் உரிமை போன்ற வேறு வழிகளால் பார்க்கவேண்டும் என்றார்கள். அதாவது, காணி ஊராக மாறுகிற அந்த இடத்தில்தான் விதி கைவிடுகிறது. எங்களுக்குத் தேவையும் அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, அது இரண்டு பேருக்கு இடையிலான வழக்கு. ஒரு மேட்டுக்காரன், ஒரு பள்ளத்துக்காரன். நாற்பது வீடு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, எல்லாம் சேர்ந்து கடைசி வீட்டை மூழ்கடித்தால், அந்தக் கடைசி வீட்டு அக்கா யாருக்கு எதிராக வழக்குப் போடுவா?

ஆங்கிலேயர் தண்ணியைப் பார்த்த விதம்

ஆங்கிலேயர் ஆட்சியில் தண்ணி பற்றிய சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தண்ணியின் ஒரு முகத்தை மட்டும் பார்த்தது.

1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயலுக்குத் தண்ணி பாய்ச்சுகிற பழைய வழமைகளை மீட்டு நடைமுறைப்படுத்த வந்தது. அதற்குத் தண்ணி என்றால் நெல்லு. 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டத்துக்குத் தண்ணி என்றால் நாற்றம், நோய். தேங்கி நிற்கிறதை வெளியே விடு. 1914 இல் கொழும்புக்கு பிளேக் நோய் வந்தது. அடுத்த வருசம் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. படம் கீறி அனுமதி எடுக்காமல் கட்டிடம் கட்டக்கூடாது, கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுக்கவேண்டும் என்ற நடைமுறை அதிலிருந்துதான் எங்கட பிரதேச சபை வரைக்கும் வந்திருக்கிறது. நெருக்கம், இருட்டு, காற்றோட்டமின்மை இவைதான் அதன் எதிரிகள். வீட்டைச் சுற்றி வெளி விடச் சொன்னது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். அந்த வெளிக்குச் சீமெந்து போடாதே என்று அது சொல்லவில்லை, ஏனென்றால் அது தண்ணியைப் பற்றி யோசிக்கவில்லை.

பிறகு 1924 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இதன் கண் ஆற்றில் இருந்தது. களனி கங்கை பெருகிக் கொழும்புக்குள் வராமல் அணைக்கட்டுகளால் காப்பது. கொழும்பு நாகலகம் வீதியில் உள்ள அளவுகோலைப் பார்த்துத்தான் இன்றைக்கும் களனி வெள்ளத்தைச் சிறிது, பெரிது என்று வகைப்படுத்துகிறார்கள். ஆற்று வெள்ளம் வெளியிலிருந்து வருகிற எதிரி. அணை கட்டலாம். ஆனால் உன்ர கூரையில் விழுந்து உன்ர முற்றத்தால் ஓடுகிற தண்ணிக்கு எங்கே அணை கட்டுவது?

வயல் தண்ணிக்கு ஒரு சட்டம், சாக்கடைத் தண்ணிக்கு ஒரு சட்டம், ஆற்றுத் தண்ணிக்கு ஒரு சட்டம். கட்டிடம் கட்டுவதால் உண்டாகிற தண்ணி இவைக்கு நடுவில் விழுந்துபோனது. எங்கட மதில் படத்தில் கிணற்றுக் குழித் தூரம் இருந்து அம்புக்குறி இல்லாமல் போனதன் கதை இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

கட்டிடம் தண்ணியை "உண்டாக்குமா" என்று கேட்பீர்கள். மழை அதே மழைதானே?

1850 அளவில் தோமஸ் மல்வனி என்ற அயர்லாந்துப் பொறியியலாளர் ஒரு சின்ன முறையை முன்வைத்தார். ஒரு நிலத்திலிருந்து எவ்வளவு தண்ணி ஓடி வரும் என்பது மழையின் கனதி, நிலத்தின் பரப்பளவு, நிலத்தின் தன்மை மூன்றையும் பெருக்கினால் வரும். உலகம் முழுக்க வடிகான் வடிவமைப்பவர்கள் இன்றைக்கும் அதைப் பாவிக்கிறார்கள். மணற்பாங்கான தோட்ட மண்ணில் விழுகிற மழையில் நூற்றுக்கு 10, 15 வீதம்தான் வெளியே ஓடும். கூரையிலும் சீமெந்துத் தரையிலும் 90 வீதம் ஓடும்.

ரெண்டு பரப்புக் காணியை எடுங்கோ. ஏறத்தாழ 500 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழுவது 50,000 லீற்றர். காணி முழுக்கத் தோட்டமாக இருந்தால் வெளியே போவது சுமார் 7,500 லீற்றர். அதே காணியில் கூரையும் சீமெந்து முற்றமும் சேர்த்து 350 சதுர மீற்றரை மூடிவிட்டால் வெளியே போவது சுமார் 34,000 லீற்றர். நாலரை மடங்கு. வீட்டு மேலே வைக்கிற ஆயிரம் லீற்றர் தாங்கியில் 26 தாங்கி மேலதிகத் தண்ணி, ஒரே வீட்டிலிருந்து, ஒரு நாள் மழைக்கு. இதைப் பத்து வீட்டால் பெருக்கிப் பார்த்தால் ஒழுங்கையின் கடைசி வீட்டு அடுப்படி தெரியும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. மழைத்தண்ணி பொது எதிரி, ஒவ்வொருவரும் தன்ர காணியைக் காக்க எப்படியும் தள்ளிவிடலாம் என்ற விதி அங்கே பல மாநிலங்களில் இருந்தது. நியூ ஜேர்சியில் ஒரு வீடமைப்பு நிறுவனம் 42 ஏக்கர் நிலத்தை வெளியாக்கி நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி, குழாய் போட்டுத் தண்ணி முழுவதையும் கீழே இருந்த ஓடைக்குள் விட்டது. ஓடையின் கரை அரித்துக் கீழே இருந்தவர்களின் காணி போனது. 1956 இல் மாநில உயர் நீதிமன்றம், நீதியரசர் வில்லியம் பிரெனன் எழுதிய தீர்ப்பில், அந்தப் பழைய விதியைக் கைவிட்டது. ஊர் வளர்வது நல்லதுதான், ஆனால் அந்த வளர்ச்சியின் செலவைக் கீழே இருக்கிறவன் தலையில் கட்டமுடியாது, இலாபம் எடுத்தவர்தான் சுமக்கவேண்டும் என்பதே அதன் நியாயம். என்னைப் பொறுத்தவரை முழுப் பிரச்சினையும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. தண்ணிக் கணக்கு கடைசியில் காசுக் கணக்கு. ஆற்ற செலவில் ஆர் வளருகினம் என்பதுதான் கேள்வி.

கொழும்பு: நிரப்பிப் படித்த பாடம்

எங்கட நாட்டில் இந்தப் பாடத்தை ஆகப் பெரிய செலவில் படித்தது கொழும்பு.

கொழும்பு சதுப்பு நிலத்தின் மேல் வளர்ந்த நகரம். 1968 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்ய ஒரு சபையை உருவாக்கியது. "மீட்பது" என்ற சொல்லைக் கவனியுங்கோ. யாரிடமிருந்து மீட்பது? தண்ணியிடமிருந்து. சதுப்பு நிலம் வீணாய்க் கிடக்கிற நிலம், மண் போட்டால் காணியாகும் என்பதுதான் அந்தக் கால அறிவு. 1982 இல் அந்தச் சபை நாடு முழுவதற்குமான கூட்டுத்தாபனமானது. அதே வருசம் தியவன்னாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் திறக்கப்பட்டது.

1992 ஜூன் 4 ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493.7 மில்லிமீற்றர் மழை பெய்தது. நகரம் மூழ்கியது. அதற்குப் பிறகு ஜப்பானியக் கடனில் கால்வாய்களைத் துப்புரவாக்கும் பெரிய வேலை நடந்தது. 2006 இல் 35 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாமல் தாழ்நிலம் நிரப்புவதைக் குற்றமாக்கியது. நிரப்புவதற்கென்று பிறந்த நிறுவனத்திடமே நிரப்பாமல் காக்கும் வேலையும் வந்து சேர்ந்தது.

2010 நவம்பரில் திரும்பவும் சுமார் 440 மில்லிமீற்றர். இந்த முறை பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணி புகுந்தது. சதுப்பை நிரப்ப அனுமதிக்கிற சட்டங்களை இயற்றிய இடம், சதுப்பின் தண்ணியால் மூடப்பட்டது. 2012 இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. 2016 இல் வந்த கொழும்பு ஈரநில முகாமைத்துவ உபாயத் திட்டம், மிஞ்சியிருக்கிற சுமார் 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் நகரத்து வெள்ளத்தில் ஏறத்தாழ 40 வீதத்தைத் தாங்குகிறது என்று கணக்குக் காட்டியது. ஐம்பது வருசத்துக்கு முன்னம் "வீண்நிலம்" என்று சொன்னதை வைத்து 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரத்தையும் பெற்றது.

இந்தக் கதையில் ஒரு பக்கத்தை நாங்கள் வழக்கமாய் விட்டுவிடுவோம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் குற்றம் சாட்டப்பட்டது கால்வாய்க் கரையில் பலகை வீடுகளில் இருந்த சனம். அவர்கள் கால்வாயை அடைத்தார்கள், குப்பை போட்டார்கள் என்று சொல்லி மாடி வீடுகளுக்கு நகர்த்தினார்கள். அவர்கள் அனுமதியில்லாமல் இருந்தவர்கள்தான். ஆனால் ஒரு குடிசை மறித்த தண்ணி எவ்வளவு, அனுமதியோடு நிரப்பிய சதுப்பு இழந்த தண்ணி எவ்வளவு? சட்டவிரோதம் என்பதும் சேதம் என்பதும் ஒன்றல்ல. எங்கட ஒழுங்கை மதிலும் முழுக்கச் சட்டபூர்வமானது.

சின்னன் சின்னனாய்

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. காணி துண்டாடுவது, மூடும் பரப்பு, வடிகான் எல்லாவற்றுக்கும் அதன் ஒழுங்குவிதிகள் பொருந்தும். 1993 இல் வந்த சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பினால், 50 வீடுகளுக்கு மேல் கட்டினால் முன்கூட்டியே பாதிப்பு மதிப்பீடு வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்பக்கூடாது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் யார் 4 ஹெக்டேயர் நிரப்புகிறார்கள்? இங்கே ரெண்டு பரப்பு, மூண்டு பரப்பு. 49 வீட்டுக்குக் கேள்வி இல்லை. ஒரு வீட்டுக்கு அதைவிட இல்லை. வரம்புக்குக் கீழே நடப்பதெல்லாம் கணக்கில் வராது. எங்கட நிலம் முழுவதும் வரம்புக்குக் கீழேதான் மாறிக்கொண்டிருக்கிறது.

2007 ஆம் ஆண்டு எனக்குச் சிரிப்பையும் தரும், சிந்தனையையும் தரும். அந்த வருசத்தின் 11 ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருகுவதைத் தடுக்க வந்தது. வளவில் தண்ணி தேங்கினால் குற்றம். அதே வருசத்தின் 36 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்புக்கு வழி செய்தது. 2009 இல் அதற்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. ஒன்று தண்ணியை வைத்திருக்காதே என்றது, மற்றது வைத்திரு என்றது. ரெண்டும் சரிதான். மூடிய தாங்கியில் வைத்தால் நுளம்பும் இல்லை. ஆனால் சேகரிப்பு விதிகூடக் குடிநீர்ச் சேமிப்பு என்ற கண்ணால்தான் பார்க்கப்பட்டது. மாரியில் முதல் அடைமழைக்கு நிறைந்துபோன தாங்கி இரண்டாவது மழைக்குக் கீழ்வீட்டைக் காக்காது.

எங்களுக்கு இடையில் விழுந்த இடைவெளி

யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பு இந்தச் சட்டங்களோடு மல்லுக்கட்டிய முப்பது வருசமும் நாங்கள் யுத்தத்துக்குள் இருந்தோம். 1995 இடப்பெயர்வு, உயர் பாதுகாப்பு வலயங்கள், பூட்டிக் கிடந்த வளவுகள். எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போகும் என்று தெரிந்த ஆக்கள் செத்தும் போனார்கள், நாடு விட்டும் போனார்கள். குளங்கள் தூர்ந்தன. வாய்க்கால் வழியே பற்றை வளர்ந்து, பிறகு அது யாரோ ஒருவரின் உறுதிக்குள் போனது. 2009 க்குப் பிறகு காசும் சீமெந்தும் ஒன்றாய் வந்தபோது, நிலத்தின் ஞாபகம் ஏற்கெனவே அழிந்திருந்தது. வேலி இருந்த இடமெல்லாம் மதில் எழுந்தது. மதில் கட்டின ஆக்களில் பலர் பாதுகாப்புக்காகத்தான் கட்டினார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஒருவரிடம் "ஏன் மதில் கட்டினனீ" என்று கேட்க எனக்கு வாய் வராது.

அதனால்தான் இதைத் தனியாள் சண்டையாக விடக்கூடாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் வெள்ளவாய்க்கால், மதகு, குளம் எல்லாவற்றையும் வயது போன ஆக்களோடு நடந்து வரைபடத்தில் குறிக்கலாம். இதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம், ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஃபோனும் காணும். அந்த வரைபடத்தைச் சபையில் வைத்து, இனி அனுமதி கேட்கிற ஒவ்வொரு படத்திலும் தண்ணி வரும் பக்கம், போகும் பக்கம் ரெண்டுக்கும் அம்புக்குறி கேட்கலாம். மதிலுக்கு அடியில் தண்ணி விட இடம் விடச் சொல்லலாம். காணியை உயர்த்துவதும் கட்டிடம் போல அனுமதி கேட்கும் விசயமாகவேண்டும். கூரைத் தண்ணியை வளவுக்குள்ளேயே ஒரு குழி வெட்டி இறக்கலாம், ஆனால் எங்கட சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாமல் கிணற்றுக்கு அனுப்பும் என்பதால் ரோட்டுத் தண்ணியையும் கழிவையும் அதற்குள் விடக்கூடாது. யாழ் நகரில் ஆரியகுளத்தைத் திருத்தியதுபோல் குளங்களைத் திருத்தும்போது, சுற்றி நடைபாதை போடுவதோடு குளத்துக்கு வருகிற வாய்க்காலையும் திறக்கவேண்டும். வாய்க்கால் இல்லாத குளம் வெறும் குழி.

எங்கட ஒழுங்கைக் கதை எப்படி முடிஞ்சது என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பத்தோட வட்ஸ்அப்பில் கதைத்தோம். படங்கள் அனுப்பினோம். கடைசி வீட்டு அடுப்படிப் படத்தைப் பார்த்ததும் அந்த ஐயா கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, "அதால தண்ணி போறது எனக்கு மறந்து போச்சு தம்பி. சின்னனில அந்த வாய்க்காலிலதான் கடதாசிக் கப்பல் விட்டனாங்கள்" என்றார். மதிலின் அடியில் மூன்று இடத்தில் ஆறு அங்குலக் குழாய் வைக்கச் சம்மதித்தார். மேசனுக்குக் காசும் அவரே அனுப்பினார்.

இப்ப தண்ணி போகுது. ஆனால் குழாயால போற தண்ணி அங்கால இன்னொரு ஒழுங்கையில் இறங்குது. அங்கே ஒரு புது அத்திவாரம் வெட்டிக் கிடக்கு. படத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். அந்தப் படத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்க வாற கிழமை சபைக்குப் போறம்.